மஸ்தூரா ஒட்டவைத்த தங்கச் சுவர்

பொறாமை இல்லை என்று யார் சொன்னது? இருந்தது. மடி கொள்ளாமல் இருந்தது. அதை மஸ்தூராவே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாளே, நீங்கள் என்ன புதிதாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள்? ஆனால் ஹோஜர் வீட்டுக் குளியலறையில் தங்க டைல்ஸ் உரிந்துபோனதற்கு மூத்த மருமகள் மஸ்தூராவின் கண்தான் காரணம் என்று ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசுகிறீர்களே, அது பொய். கல்யாணத்தன்று அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்காத பெண்பிள்ளை இந்தக் கோகந்து ஊரில் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள். எல்லோரும்தான் விழுங்கினார்கள். வாய்விட்டுச் சொன்னவள் ஒருத்தி. சொன்னவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பெண் கேட்டு வரும் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கேட்டு வருகிறவர்கள் முதலில் இந்தத் தெருவில்தான் விசாரிப்பார்கள். கண் பொல்லாதவள் மகள் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமலே எழுந்து போய்விடுவார்கள். ஆகையால் அளந்து பேசுங்கள்.

பசிக்கிறது என்று சொல்வது போலத்தான் அவள் பொறாமையைச் சொல்லுவாள். அடுத்த வீட்டுப் பந்தலில் திராட்சை குலை குலையாகத் தொங்கினால் வாசலிலேயே நின்றுவிடுவாள். "வயிறு எரியுதுடி எனக்கு. என் கொடிக்கு என்ன கேடு, இலையா விட்டுத் தள்ளுது" என்பாள். சொல்லிவிட்டு ஒரு குச்சி ஒடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் நட்டுவைப்பாள். மற்றவர்கள் அப்படியா? "மாஷா அல்லா, கண்படாம இருக்கட்டும்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். இவள் தலை சாய்த்தால் கட்டைபோலத் தூங்குவாள்.

ஆள் குள்ளம். தண்ணீர் வாளி சுமந்து சுமந்து வலது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். புருவத்துக்குப் பச்சிலைச் சாறு தீட்டும் நாளில் இரண்டையும் இழுத்து நடுவில் சேர்த்துவிடுவாள். கோபக்காரி போலத் தெரியும். கோபக்காரிதான். ஆனால் சாமான் பொறுக்கும் கண் அவளைப்போல யாருக்கும் கிடையாது. திரைச்சீலை எடுக்கவேண்டுமா, சீர்வரிசைக்கு மெத்தைத் துணி எடுக்கவேண்டுமா, மஸ்தூராவைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். அவளும் மூட்டிய அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

கதவும் குழாயும் சிமெண்டும் விற்கிற சந்தைக்குப் போகும்போது கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். குடிக்க அல்ல. கடைக்காரன் எடுத்து நிறுத்துகிற ஒவ்வொரு டைல்ஸ் மேலும் ஊற்றிப் பார்ப்பாள். கடை ஈரமாகி, அவன் முணுமுணுப்பான். "காய்ஞ்ச டைல்ஸ் கல்யாணத் தரகர் காட்டுற போட்டோ மாதிரி, தம்பி. தண்ணி ஊத்தினாத்தான் பொண்ணோட மொகம் தெரியும்" என்பாள். பிறகு புறங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கை மஞ்சளடித்தால் வேண்டாம். குளித்துவிட்டுக் கண்ணாடி பார்க்கிறவளுக்குத் தன் முகம் காமாலை கண்ட முகம்போல இருக்கக்கூடாது என்பது அவள் கட்சி. தங்க டைல்ஸ் என்று சந்தையில் பத்து விதம் அடுக்கியிருப்பார்கள். அவளுக்கு மூன்றே சாதி. பல் தங்கம், கல்யாணத் தங்கம், பழத் தங்கம். பல் தங்கம் கண்ணைக் குத்தும். கல்யாணத் தங்கம் கூட்டம் இருக்கும்போது மட்டும் மின்னும், தனியே விட்டால் அழும். பழத் தங்கம் கூரையில் காயப்போட்ட ஆப்ரிகாட் போல; வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, நனைந்தால் மூன்றாவதாக ஒன்று. அது அபூர்வமாகத்தான் சந்தைக்கு வரும். வந்தால் அவள் கண்ணுக்குத்தான் படும்.

இத்தனை தெரிந்தவளுக்குக் குளியலறை இல்லை. அதுதான் விஷயமே.

ஹோஜர் வீட்டுக்கு மருமகளாக வந்து பதினெட்டு வருஷம். வந்த நாளிலிருந்து முற்றத்துக் கடைசியில் தகரக் கொட்டகையில்தான் குளியல். பனிக்காலத்தில் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோவதற்குள் பாதிச் சூடு போய்விடும். மகள் பிறந்த வருஷம் பனி கொட்டித் தள்ளியது. பச்சை உடம்புக்காரி, வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் குழாய் இழுத்துக் கொடுங்கள் என்று கேட்டாள். நாங்கள் எல்லாம் குளிக்காமலா பிள்ளை பெற்றோம் என்று மாமியார் ஹோஜர் கேட்டார். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் மறந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. அந்தக் கொட்டகையில்தான் சின்னப் பிள்ளையாக இருந்த கொழுந்தன் ஜவ்லோனையும் தகரத் தொட்டியில் உட்காரவைத்து ஊற்றிவிட்டாள். சோப்பு கண்ணில் பட்டால் மதினி மதினி என்று கத்துவான்.

அந்த ஜவ்லோனுக்குத்தான் இப்போது கல்யாணம். கடைக்குட்டிக்குத்தான் அப்பன் வீடு. மூத்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு வெளியே போய்க் கட்டிக்கொள்ளவேண்டும். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். மஸ்தூராவின் புருஷன் நோசிர் டமாஸ் வேன் ஓட்டிச் சேர்த்ததில் வாய்க்காலுக்கு அப்பால் நாலு சுவர் எழுப்பிவைத்திருந்தான். ஒரு அறைக்குக் கூரை வந்திருந்தது. தண்ணீருக்கு அடிபம்பு. பனிக்காலம் கழிந்ததும் குடி போவது என்று பேச்சு.

பெண் எடுத்தது மர்கிலானில், பட்டு வியாபாரி வீட்டில். நிச்சயம் பேச வந்த பெண்ணின் அத்தைமார் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஹோஜருக்கு வாயில் பாதிப் பல் தங்கம். அன்றைக்கு வாயைத் திறக்கவேயில்லை. அவர்கள் போன மறுநாளே தாழ்வாரத்தை அடைத்துக் குளியலறை கட்ட ஆள் வந்துவிட்டது. மாமியார் சொன்னார், "தங்கத்துல போடணும். மர்கிலான்காரி பாத்ததும் மூர்ச்சை போடணும். மஸ்தூரா, உனக்குத்தான் கண்ணு இருக்கு. நீயே போய் எடுத்துட்டு வா."

பதினெட்டு வருஷமாகக் கேட்டவளையே அனுப்பினார். மாமியாருக்கு அது உறைக்கவில்லை. மஸ்தூராவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று, வாய் கூசாமல் பேசுகிற நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

தெருவுக்கு நல்ல யோசனைக்கா பஞ்சம்? அடுத்த வீட்டுக் கரோமத் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இருக்கிறதுலயே கண்றாவியான மஞ்சளா பாத்து எடுத்துக் குடு. நீயா குளிக்கப் போற?" என்றாள். மஸ்தூராவும் சிரித்தாள். சிரித்தது மட்டுமில்லை, அந்த எண்ணத்தோடுதான் சந்தைக்குப் போனாள். பாட்டிலை எடுத்துக்கொள்ளாமலே போனாள். முதல் கடையில் பல் தங்கத்தில் ஒரு டைல்ஸ். நடுவில் கிரீடம் அணிந்த அன்னப்பறவை, சுற்றிலும் ரோஜாப்பூ. பார்த்த மாத்திரத்தில் பல் கூசியது. இதுதான் என்று கை வைத்தாள். கடைக்காரன் எத்தனை பெட்டி என்று கேட்டான். வாயில் சொல் வந்துவிட்டது. அப்போதுதான் அடுக்குக்குப் பின்னால், சாக்கு மறைப்பில், விளிம்பு மட்டும் தெரிந்தபடி ஒன்று கிடந்தது. மீன் செதில்போல அடுக்கடுக்காக, பளபளப்பே இல்லாமல். நகர்த்திப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. கடைக்காரன் குடிக்க வைத்திருந்த பச்சைத் தேநீரை எடுத்து அதன் மேல் ஊற்றிவிட்டாள்.

பழத் தங்கம்.

"பாவி மனசு கெட்டுப் போகலாம். கண்ணு கெட மாட்டேங்குதே" என்று அவள் அந்தக் கடையிலேயே தலையில் அடித்துக்கொண்டாளாம். அன்னப்பறவையை விட்டுவிட்டு இதை ஏற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் வண்டியில் அட்டைப்பெட்டி மேல் கை வைத்தபடியே வந்தாள், உடைந்துவிடக் கூடாது என்று.

மாமியாருக்கு நாலு சுவரும் தங்கமாக வேண்டும். முடிந்தால் கூரையும். மஸ்தூரா ஒரே சுவர் போதும் என்றாள்; ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். மற்ற மூன்றும் அக்ரூட் பருப்பின் உள்தோல் நிறத்தில் மங்கலாக இருக்கவேண்டும். மாமியார் உறுமினார். அப்போது அவள் சொன்னதைத்தான் தெரு ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. "மாமி, உங்க வாயில தங்கம் ஏன் அழகா இருக்கு? எப்பவாவது ஒரு தடவைதான் சிரிக்கிறீங்க. நாள் முழுக்கத் தொறந்தே வச்சிருந்தா யாரு பாப்பா?" இது புகழ்ச்சியா, குத்தலா என்று ஹோஜருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு சுவர் என்று ஒத்துக்கொண்டார்.

டைல்ஸ் ஒட்ட வந்த கொச்கோர் மேஸ்திரிக்கும் அவளுக்கும் ஆகவில்லை. அவர் இடுக்குகளில் வெள்ளைப் பூச்சுதான் பூசுவார். வெள்ளை பூசினால் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக, கஞ்சிக்குள் மிதக்கிற கரண்டிபோல நிற்கும் என்பது இவள் வாதம். பதினைந்து வருஷமாக இதே தொழில் என்றார் அவர். "பதினஞ்சு வருஷமா வெள்ளையா பூசிட்டீங்க அண்ணே, ஒரு தடவை டீ நிறத்துல பூசுங்க. செத்தா போயிருவீங்க?" என்றாள். அவள் கண் முன்னாலேயே கலக்கவேண்டும், கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு நிறம் பார்ப்பாள். ஒட்டியதும் ஒழுகுகிற சிமெண்டைச் சாக்கால் துடைக்கப் போன கையைத் தட்டிவிட்டாள். மேலே இருப்பது முட்டைத் தோல் அளவுதான் தங்கம், மணல் பட்டால் போச்சு. தன் மகள் குழந்தையாக இருந்தபோது விரித்த பழைய துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள், அதனால்தான் துடைக்கவேண்டும். வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டினாள். கண்ணாடியைத் தங்கத்தின் மேல் மாட்டவிடாமல் பக்கச் சுவருக்கு மாற்றினாள். கண்ணாடியில் தங்கம் தெரியவேண்டும், தங்கத்தில் கண்ணாடி தெரியக்கூடாது. துண்டுக்கு மாதுளைச் சிவப்பு. மாமியார் வாங்கிவைத்த தங்கச் சோப்புப்பெட்டியைச் சத்தமில்லாமல் பரணில் ஏற்றினாள்.

நோசிர் பொறுமைசாலி. ஒருநாள் சாப்பிடும்போது, "போற வீட்டுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று கேட்டான். "நான் போறது சுவத்துக்குத் தெரியுமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் ரொட்டியைப் பிய்த்தான். ஜவ்லோன் முடிந்த அறையை முதன்முதலாகப் பார்த்தபோது வாசலில் அப்படியே நின்றுவிட்டான். "மதினி, இது நம்ம வீடா?" என்றான். "உன் வீடு" என்றாள் அவள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. நல்ல பிள்ளை. என்ன செய்வான்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம்தான் அந்த வினை வந்தது. வீடு முழுக்கக் கேரட் நறுக்குகிற பெண்கள். மஸ்தூரா நைஸாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அந்தச் சுவரை நனைத்துப் பார்க்கவில்லையே. பூச்சு காயட்டும் என்று காத்திருந்தாள். ஜன்னலில் சாய்ந்த வெயில். குழாயைத் திறந்து சுவர் முழுக்க நீரைப் பீய்ச்சினாள். செதில் செதிலாக இறங்கிய தண்ணீருக்குப் பின்னால் சுவர் பழுத்தது. வேறெப்படிச் சொல்வது? பழுத்தது. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சுடுதண்ணீர் ஆவி முழங்கால்வரை வந்தது. சட்டையின் கழுத்துப் பொத்தானை ஒன்று கழற்றினாள். பிறகு மறுபடி மாட்டினாள். குழாயை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

வெளியே மாமியாரின் தங்கை சபோஹத் கேரட் கூடையோடு நின்றாள். மஸ்தூராவின் நனைந்த பாதத்தையும் உள்ளே ஈரத் தரையையும் பார்த்தாள். மணப்பெண் தொடுவதற்கு முன்னால் மூத்தவள் குளித்துவிட்டாள் என்று அவள் மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

கல்யாணத்தன்று ஹோஜர் ஒரு வேலை செய்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. விருந்தாளிக்கு முற்றத்தில் கெண்டியில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவவிடுவதுதானே முறை. பதினெட்டு வருஷமாக அந்தக் கெண்டியைப் பிடித்தவள் மஸ்தூரா. அன்றைக்குக் காலையில் தேடினால் கெண்டியைக் காணோம். மாமியார் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மர்கிலான் சம்பந்திமார் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருத்தியாகத் தங்கக் குளியலறைக்குள் போய்க் கை கழுவவேண்டியதாயிற்று. தாழ்வாரத்தில் வரிசை. உள்ளே போனவள் சீக்கிரம் வெளியே வரவில்லை. பாலோவ் சோறு ஆறிப்போயிற்று. வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஒருத்தி கை நனைக்காமலே வந்து துண்டில் துடைத்தாள்.

மஸ்தூரா கையில் கெண்டி இல்லாமல், துண்டு மட்டும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். பெண்ணின் பெரிய அத்தை, யார் பொறுக்கியது இது என்று கேட்டாள். இவள்தான் என்று சொன்னார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். இவள் மற்றவர்களைப்போல மாஷா அல்லா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"வயிறு எரியுது எனக்கு" என்றாள்.

 தாழ்வாரத்தில் யாரோ இருமினார்கள். எனக்கும்தான் என்று இன்னொருத்தி சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு விருந்துக்குப் போயிருப்பார்கள். ஒருத்தியும் சொல்லவில்லை.

புதுப்பெண் துர்தோனா பூனைக்குட்டி மாதிரி. தூக்கக் கண்ணு, மெல்லிய குரல். அக்கா அக்கா என்று இவள் பின்னாலேயே வருவாள். மாவு பிசையக்கூடத் தெரியாது, இவள்தான் கை பிடித்துக் காட்டினாள். அவளை வெறுக்கவும் முடியவில்லை. மஸ்தூராவின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். விடியும்போது குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். முதலில் திணறும், பிறகு சீராக ஓடும்; அப்போது சுடுதண்ணீர் வந்துவிட்டது என்று இவளுக்குத் தெரியும். உள்ளே அந்தப் பெண் ஏதாவது பாடிக்கொண்டே குளிக்கும். இவள் அடுப்பில் கெட்டிலை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மறுபடி கொட்டகைக்கு நடப்பாள். துர்தோனா எத்தனையோ தடவை அழைத்தாள், இங்கே குளியுங்கள் அக்கா என்று. இவள் போகவில்லை. கூப்பிட்டுக் கொடுக்கிற தண்ணீரில் இவளுக்கு அழுக்குப் போகாது.

பனி விழத் தொடங்கியபோது துர்தோனா தலை சுற்றிப் படுத்துவிட்டாள். முழுகாமல் இருந்தாள், அதுதான். ஆனால் கூடவே காய்ச்சலும் வந்து போய் வந்தது. சபோஹத் ஓடிவந்தாள். மனசுக்குள் எழுதிவைத்திருந்ததை அன்றைக்குத்தான் அக்காளிடம் படித்தாள்: முதல் குளி குளித்தது மூத்தவள், கண் அந்த அறையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, இசிரிக் புகை போட்டுத்தான் எடுக்கவேண்டும். இசிரிக் புகை யார் போடவில்லை? நாமும்தான் வாரம் ஒருதரம் காய்ந்த செடியைச் சட்டியில் கொளுத்தி வீடு முழுக்கக் காட்டுகிறோம். காட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவோம். இவர்கள் ஜன்னலை மூடி, கதவிடுக்கில் துணியை அடைத்தார்கள். பிடித்த கண் வெளியே தப்பாமல் உள்ளேயே சாகவேண்டுமாம். குளித்த ஈரம் காயாத சுவர். சட்டி நிறையக் கனல். ராத்திரி முழுக்கப் புகை உள்ளேயே சுற்றியது. காலையில் திறந்தால் தங்கச் சுவர் பழைய தேநீர்க் கெண்டியின் உட்புறம்போலப் பழுப்பேறிக் கிடந்தது.

பார்த்தாயா, எவ்வளவு கண் என்றாள் சபோஹத். ஹோஜர் சோடாப் பவுடரையும் பாலோவ் அண்டா தேய்க்கிற கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கரகரவென்று சத்தம் கேட்டதும் மஸ்தூராவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து அறையில் மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள். வாசலில் நின்றாள். இதை மறைக்க வேண்டியதில்லை: ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றாள். தேய்க்கட்டும் என்று நின்றாள். அந்த ஒரு மூச்சில் கை அகலத்துக்குத் தங்கம் போய், அடியில் சுண்ணாம்பு வெளுப்புத் தெரிந்தது. இத்தனை மாசமாகக் கொதித்த வயிறு இப்போதாவது குளிரும் என்று காத்திருந்தாள். குளிரவில்லை. அழைத்த விருந்தாளி வராத வீடு மாதிரி உள்ளே வெறிச்சென்று இருந்தது. யாரோ தன் கன்னத்தில் கம்பி போட்டு இழுக்கிறாற்போல இருந்தது. அப்புறம்தான் வாய் வந்தது.

"மாமி, நார் போடாதீங்க. வெதுவெதுன்னு சோப்புத் தண்ணி, பழந்துணி, அது போதும். விடுங்க, நான் துடைக்கிறேன்."

"நீ தொடாத" என்றாள் சபோஹத், நடுவில் வந்து நின்றுகொண்டு.

ஹோஜர் தன் கையிலிருந்த நாரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. தான் செய்தது தெரிந்துவிட்டது. தெரிந்த அந்தக் கணமே முகம் மாறிக்கொண்டது. "தொட்டதும் உரியுது பாரு. கண்ணு பட்ட தங்கம் இப்படித்தான் உரியும்" என்றார். சொல்லிவிட்டு மீதியையும் தேய்த்தார், சொன்னதை மெய்யாக்குகிறவர்போல. மதியத்துக்குள் இடுப்பு உயரத்துக்குச் சொட்டை.

இதுதான் நடந்தது. ரொட்டிக் கடையில் நீங்கள் கேட்டது இதன் வாலைத்தான்.

அதற்கப்புறம் மஸ்தூராவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தியும் வரவில்லை. கல்யாண வீட்டில் முக்காடு திறக்கிற நேரத்தில் இவள் பக்கம் வந்தால் மணப்பெண்ணை மெல்லத் திருப்பி உட்காரவைத்தார்கள். மகளைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆசிரியர் வீட்டார், பையன் இன்னும் படிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு ஒருநாள்தான் அவள் நோசிரிடம் அழுதாள். பெண்ணுக்கு அம்மாவின் கண்ணையே கொடுத்துவிட்டோமே என்று அழுதாள். நோசிர் தன் அம்மாவிடம் போய்ப் பேசுகிறேன் என்று எழுந்தான். வேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டாள். பெற்ற தாயைப் பொய்க்காரி என்று மகன் வாயால் சொல்லவைத்து, அதில் தன் பெயரைக் கழுவிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

துர்தோனா மட்டும் ஒருநாள் வந்தாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து. வயிறு லேசாகத் தெரிந்தது. "அக்கா, அந்தச் சுவத்தைப் பாத்தா அழுகையா வருது. இன்னொரு பெட்டி வாங்கி ஒட்டிடலாமா?" என்றாள். இன்னொரு பெட்டி வாங்கினால் சூளை மாறியிருக்கும், நிறம் சேராது, ஒட்டுப்போட்ட சட்டை ஆகிவிடும் என்று இவள் சொன்னாள். சொட்டை விழுந்த வரிசைகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றச் சுவரின் நிறத்தையே இடுப்புவரை ஏற்று. தங்கம் மேலே மட்டும் நிற்கட்டும், ஜன்னல் வெயிலும் அங்கேதான் விழுகிறது என்றாள். சொல்லும்போதே அது முன்னைவிட அழகாக இருக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் வயிறு எரிந்தது. அதையும் சொன்னாள். துர்தோனா பயப்படவில்லை. சிரித்தாள்.

நவ்ரூஸ் பண்டிகை கழிந்த வாரம் கிளம்பினார்கள். நோசிர் வண்டியில் மெத்தைகளையும் பெட்டியையும் ஏற்றினான். ஜவ்லோன் கனமானதையெல்லாம் தானே தூக்கினான். புது வீட்டுக்கு முதலில் கொண்டுபோகிற ரொட்டியையும் உப்பையும் மகள் மடியில் வைத்துக்கொண்டு முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் வழியனுப்ப வந்து முற்றத்தில் நின்றார்கள். வழியனுப்பவா வந்தீர்கள்? பார்க்க வந்தீர்கள். ஹோஜர் படியில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தூணில் சாய்ந்தபடி துர்தோனா.

மஸ்தூரா புது அட்லஸ் பட்டுச் சட்டை உடுத்தியிருந்தாள், முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. அந்த ஊதாவும் மஞ்சளும் அவள் பொறுக்கியதுதான். ஒவ்வொருத்தியாகத் தழுவிக்கொண்டு வந்தாள். சபோஹத்தின் முறை வந்ததும் அவள் ஓவென்று அழுது இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கை கழுத்தைச் சுற்றியிருக்க, மற்றக் கை இவள் முதுகுப் பக்கம் கீழே இறங்கியது. சட்டை ஓரம் லேசாக இழுபட்டது. கண் வைத்தவள் உடுப்பிலிருந்து ஒரு நூல் எடுத்து, புகையோடு எரித்தால் கர்ப்பக்காரிக்கு ஒன்றும் வராது என்று செய்வதுதானே. எல்லோரும் பார்த்தார்கள். அவள் சட்டைக் கைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த கத்தரிக்கோலைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

 மஸ்தூரா மெதுவாகத் தழுவலிலிருந்து விலகி, சபோஹத்தின் முழுக்கைச் சட்டைக்குள் பாதி மறைந்திருந்த கையைப் பிடித்து, கத்தரிக்கோலைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நூலு எதுக்கு, சின்ன மாமி? கேட்டிருந்தா துணியே குடுத்திருப்பேனே" என்றாள்.

குனிந்து சட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, முழங்கால் பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை, கோடு பிசகாமல் நறுக்கினாள்.  அதைச் சபோஹத்திடம் கொடுக்கவில்லை. படியேறி, மாமியாரைத் தாண்டி, துர்தோனாவின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மூடினாள். கத்தரிக்கோலை மாமியார் பக்கத்தில் படியில் வைத்தாள்.

பிறகு வாசலைத் தாண்டி இறங்கி, வண்டியில் ஏறாமல், தெரு முனைவரைக்கும் நடந்தாள். ஒரு பக்கம் சட்டை குட்டையாகி, உள்ளே போட்டிருந்த கால்சட்டையின் பூவேலை விளிம்பு எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.